கயிறு பற்றாத துறை

கிளாக்ஸ்விக்கிலிருந்து எதிர்த் தீவுக்கு இருபது நிமிடம்.
எனக்கு அது ஒருநாளும் இருபது நிமிடமாக இருந்ததில்லை.
தளத்திலிருந்து கழிப்பறைக்குப் பதினான்கு படி.
தாழ்ப்பாள் இறுகும்,
தோளால் ஒரு இடி இடிக்க வேண்டும்.
கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேருவேன்.

கயிறு வீசுவது என் வேலை.
கரையின் இரும்புக் குற்றியில் கண்ணி விழுந்ததும்
படகு ஒருமுறை முனகி
இழுபட்டு, உரசி, நிற்கும்.
கார்கள் இறங்கும், தபால் பை இறங்கும்,
ஆடு ஏற்றிய வண்டி எப்போதும் கடைசியில்.

மூன்று வருடம் ரத்தம் போனது.
ஸ்டீராய்டு கன்னத்தை ஊதிவிட்டபோது
"நிலா உதிச்சாச்சு" என்றான் தம்பி ஹெய்னி.
சிரித்தேன்.
சிரிப்பதற்கும் அடிவயிற்றிடம் அனுமதி வாங்கித்தான்.

டோர்ஸ்ஹவ்ன் மருத்துவமனையில் டாக்டர் ரன்வா சொன்னார்:
"உன் வெள்ளணுக்கள்தான்.
தீயணைக்க வந்தவர்கள்.
தீ இல்லாத வீட்டில் தண்ணீர் அடித்து அடித்துச்
சுவரைக் கரைக்கிறார்கள்."
வேலியே பயிரை மேய்ந்தால்
வேலியைப் பிடுங்கிவிட வேண்டியதுதானே என்றேன்.
"பிடுங்கினால் வெளி ஆடெல்லாம் உள்ளே வரும்."

காகிதத்தை எடுத்து ஒரு குழாய் வரைந்தார்.
அதன் சுவரோரம் உருண்டு வரும் அணு,
அணுவின் மேல் ஒரு கொக்கி,
குடல் பக்கத்துச் சுவரில்
அந்தக் கொக்கிக்கென்றே ஒரு குற்றி.
மருந்து கொக்கிக்கு உறை மாட்டிவிடுமாம்.
"அணு செத்துப்போகுமா?"
"இல்லை. இறங்க முடியாமல் கடந்து போகும்."
"பிறகு எங்கே போகும்?"
பேனாவை மூடினார். திறந்தார்.
"சுற்றிக்கொண்டிருக்கும்."

எட்டு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம்.
பைனிர் நரம்பு தேடும்போது
தான் பின்னும் ஸ்வெட்டரின் கைக்கணக்கைச் சொல்வான்.
பக்கத்து நாற்காலியில்
மீன் பண்ணையில் வேலை பார்க்கும் த்ரிக்வி.
"எனக்கு இது வேலைக்கு ஆகலை. இப்ப வேற மருந்து."
புகார் சொல்லும் குரலில் இல்லை,
காற்று மாறியதைச் சொல்வதுபோல.

ஆறு வாரம் ஒன்றுமில்லை.
எட்டு வாரம் ஒன்றுமில்லை.
பதினொன்றில் ஒரு காலை
வெள்ளைப் பீங்கான் வெள்ளையாகவே இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை,
கண் பட்டுவிடும் என்று.

நவம்பரில் ஒருநாள் அலை கரைமேல் ஏறியது.
மூன்று முறை வீசினேன்.
குற்றி வரைக்கும் போனது கண்ணி, தொட்டது,
வழுக்கித் தண்ணீரில் விழுந்தது.
கரையில் கேக் பெட்டியோடு நின்றவள் கையசைக்கவில்லை.
எய்டுன் படகைத் திருப்பினார்.

கருவிப்பையை மடியில் வைத்திருந்த மின்பணியாளர்
என்னையே பார்த்தார்.
"உதவிக்குத்தான் போறேன்.
அங்க விளக்கு எரியலைன்னு கூப்பிட்டாங்க."
"தெரியும்" என்றேன்.
"இப்ப வந்துச்சாம், எரியுதாம்" என்றார்
செல்போனைக் காட்டி, கொஞ்சம் அவமானப்பட்டவராய்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
இவ்வளவு நாள் என்னைக் கரைத்தவர்களுக்கு
முகம் ஒன்று இருந்தால்
இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது:
நனைந்த தொப்பி, தயாரான கைகள்,
இறங்க இடமில்லை.

துறைமுகச் சுவர் தெரிந்தபோதுதான் நினைவு வந்தது.
போக நாற்பது, வர நாற்பது.
படிகளை ஒருமுறைகூட எண்ணவில்லை.

பையிலிருந்து ருபார்ப் கேக் எடுத்துப் பாதி நீட்டினார்.
நாரா, விதையா, எத்தனை கரண்டி வெண்ணெய்
எதையும் விசாரிக்காமல்
வாங்கித் தின்றேன்.