சந்தாதாரர் கல்

பாலக்காட்டுக் கணவாயில் புறப்பட்ட ஆடிக் காற்று
நத்தமேட்டுக்கு வந்து
டவுன்ஹால் பள்ளிக்கூடத்தின் ஓடுகளைக் கழற்றி
ஐந்தாம் வகுப்பின் மேல் போட்டது.
அன்று லீவு. யாருக்கும் அடியில்லை.
டேப்பும் அளவுப் புத்தகமுமாக நான் வந்தேன்,
இடிக்கலாமா வேண்டாமா என்று எழுத.

சுவர் கனம் இரண்டேகால் அடி.
சுண்ணாம்பு, கடுக்காய். என் திருப்புளி
காரைக்குள் இறங்க மறுத்தது.
வளைவு ஏழு. கோபுரம் ஒன்று,
கடிகாரத்துக்கு வட்டமாய் ஓட்டை விட்டு.
கடிகாரம் வரவேயில்லை; முந்நூறு ரூபாய் குறைந்ததாம்.
அந்த வட்டத்தில் மலைத்தேனீ கூடு வைத்திருக்கிறது.

தலைமையாசிரியை பீரோவைத் திறந்தார்.
"இதைப் படிச்சுப் பாருங்கம்மிணி,
எங்களுக்கு அந்தக் கையெழுத்துப் புடிபடலீங்."
மகாராணியார் பட்டமேறிய அறுபதாம் வருஷ
டவுன்ஹால் கமிட்டி, நடவடிக்கைக் குறிப்பு.
காரியதரிசி வெங்கோபராவ்.

1897. மழையில்லை.
திம்ம போயன் வகையறா முப்பத்திரண்டு பேர்
கூலி காசாய் வேண்டாம், கம்பாய்க் கொடு என்றார்கள்.
கமிட்டி நெடுநேரம் யோசித்துச் சம்மதித்தது.
படியை மட்டும் தலைதட்டி அளந்தது.

முன்வராந்தாவில் கல். ஆறடிக்கு மூன்றடி.
சேனாபதிக் கவுண்டர் ஐந்நூறு.
செட்டியார்கள் இருவர் சேர்ந்து நானூறு
(யார் பெயர் மேலே என்று மூன்று கூட்டம் நடந்திருக்கிறது).
தாசில்தார் ஐம்பது; தந்தாரா, குறிப்பில்லை.
பதினேழு பெயர்.
அதற்குக் கீழே கல் மொழுமொழுவென்று காலி,
'இனிச் சேரும் கனவான்களுக்காக.'
கனவான்கள் சேரவில்லை.

சில வருஷம் சொற்பொழிவு.
ஒருமுறை மாயவிளக்குப் படம், திரை பற்றிக்கொண்டது.
பிளேக் வந்தபோது கட்டில்கள்.
கமிட்டிக்குக் கடன் ஏறவும்
பள்ளிக்கூடத்துக்கு விட்டார்கள், மாசம் பன்னிரண்டு ரூபாய்.
ஒற்றைக் குரல் முழங்கக் கட்டிய கூடத்தில்
நாலு வகுப்பு, நடுவே பனந்தட்டி.
வாய்ப்பாடு சொன்னவன் காதில்
பக்கத்து வகுப்பின் ஆறுகளெல்லாம் வந்து விழுந்தன.

எல்லாப் பிள்ளைகளும் உள்ளே இல்லை.
நாகன் மகன் குருவனும் இன்னும் நாலு பேரும்
வராந்தாவோடு சரி.
கரும்பலகை உள்சுவரில்.
ஜன்னல் அடிக்கட்டை தரையிலிருந்து ஐந்தடி,
இன்று அளந்தேன்.

1926 ஆனி, மூன்றாம் தீர்மானம்:
'சந்தாதாரர் கல்லின் காலி இடத்தில்
யாரோ கரியால் எழுதுகிறார்கள்.
அழிக்க ஆள்கூலி இரண்டணா.'
ஆடி, இரண்டணா.
ஆவணி, இரண்டணா. ஓரத்தில் பென்சிலால்,
வெங்கோபராவின் மகன், அவரும் காரியதரிசி:
'எழுத்து திருத்தமாய்த்தான் இருக்கிறது.'
புரட்டாசி, சாரல் அழித்தது. செலவில்லை.
ஐப்பசி, 'ழ' மட்டும் நாற்பது தடவை. இரண்டணா.
தை மாசம் கையிருப்பு ஒன்றேகால் அணா.
'அழிக்கும் காரியம் ஒத்திவைக்கப்படுகிறது.'
அடுத்த பக்கம் முழுதும் கரையான்.

குருவன் என்ன ஆனான்?
கேட்ட நாலு பேருக்கும் தெரியவில்லை.
கதவு எந்த வருஷம் அவனுக்குத் திறந்தது,
திறந்ததா,
தின்ற கரையானுக்குத்தான் தெரியும்.

கல்லைத் தடவினேன்.
பெயர் வெட்டிய பாதி சொரசொரப்பு.
வெட்டாத பாதி வழுவழுப்பு,
எத்தனை உள்ளங்கை, எத்தனை ஈரத்துணி.
இப்போது சத்துணவுப் பட்டியலை அதில்தான் எழுதுகிறார்கள்.
இன்று புதன், மிளகு முட்டை.
யாரோ முட்டைக்கு மீசை வரைந்திருக்கிறார்கள்.

அளவுப் புத்தகத்தில் எழுதினேன்:
ஓடு ஆயிரத்து நூற்று நாற்பது, மாற்ற வேண்டும்.
தேக்குச் சட்டம் மூன்று, மாற்ற வேண்டும்.
சுவர், இடிக்க வேண்டாம்.
கருங்கல் பலகை ஒன்று, ஆறுக்கு மூன்று, நல்ல நிலை,
இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது.
மதிப்பு என்ற கட்டத்தில்
இரண்டணா என்று எழுதி, அடித்து,
காலியாக விட்டேன்.