தண்டம்

சித்திரைக் கூட்டத்தில் தீர்மானித்தது:
விதைத்த நாளிலிருந்து வெட்டும் நாள் வரை
வரம்பு தாண்டும் மாடு ஒன்றுக்கு
ஐந்நூறு ரூபாய்.
வட்டைவிதானை வாசித்தார்.
நான் கையெழுத்துப் போட்டேன்.
பட்டிக்காரர் நல்லரெத்தினம் என் பேனையை வாங்கி,
சட்டைப்பையில் தன் பேனை இருப்பது நினைவு வந்து
திருப்பித் தந்தார்.

ஆனி பத்தில் அவருடைய மூன்று மாடுகள்
என் மூலைக் கண்டத்தில் நின்றன.
முன்னுக்கு நின்றது செவலை.
கம்பால் அதன் மூக்குத்தண்டில் அடித்தேன்.
அடித்த கை இரண்டு நாள் நொந்தது.
ஆயிரத்து ஐந்நூறை
அவர் எண்ணாமல் தந்தார்.
நான் எண்ணி வாங்கினேன்.
யூரியாவுக்குப் போனது அந்தக் காசு.

பிறகு கச்சான் எழும்பிற்று.
வெல்லாவெளிப் பக்கம் முழுவதும்
அடுப்பு வாய்க்கு முன்னால் குந்தியிருப்பது போல.
குளத்தில் பத்தடி என்றார்கள்,
ஏழடி என்றார்கள்,
பிறகு அடிக்கணக்குச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள்.
முறைத்தண்ணி மேல்கண்டம் மட்டும் வந்து
திரும்பிவிட்டது,
கடன் கேட்க வந்தவன்
படலையடியில் செருப்புகளைக் கண்டு
திரும்பிப் போவதைப் போல.
வாய்க்கால் சேற்றில் ஒரு விரால்.
கொக்கு தூக்கிப் பார்த்துப் பாரம் தாங்காமல்
போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றது,
அவசரம் இல்லை அதற்கு.

குடலைப் பருவம்.
தாளைப் பிரித்துப் பார்த்தேன்.
உள்ளே கதிர்,
அடி பச்சை, நுனி வெள்ளை,
அப்படியே நின்றுபோயிருந்தது.
காப்புறுதிக் கந்தோர்ப் பொடியன்
வெடிப்பொன்றில் சப்பாத்துக் காலை விட்டுப் பார்த்தான்.
கணுக்கால் வரை போனது.
"எத்தனை வீதம் சேதம், அக்கா?"
"மூன்று ஏக்கர்" என்றேன்.
அறுபது என்று எழுதினான்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
எழுபதாக்கினான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பட்டிக்குப் போனேன்.
குளத்துச் சேற்றில் இறுகிக் கிடந்த எருமையை
உழவு மெசினில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
வெளியே வந்தது. எழும்பவில்லை.
நல்லரெத்தினம் அதன் கண்ணில்
ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.
"வயலை விட்டிட்டன். மாட்டைக் கொண்டாங்க."
அவர் நிமிரவில்லை.
"மருந்தடிச்சு எத்தின நாள் கா?"
"முப்பது இருக்கும்."
விரல்களை மடக்கி
அவரும் ஒருதரம் எண்ணிப் பார்த்தார்.

நாற்பத்தொரு மாடுகள்.
ஒவ்வொன்றின் விலாவையும் தூர நின்றே எண்ணலாம்.
ஓடி வந்தவை
வரம்பைக் கண்டதும் நின்றுவிட்டன.
வரிசையாக, தலையைத் தாழ்த்தி,
பச்சைக்கு ஒரு முழம் வெளியே.
என் கையில் கம்பு இருந்ததா என்று பார்த்தேன்.
இருந்தது.
எறிந்தேன். அப்போதும் நின்றன.
"ஏய், போ, போ" என்றார் நல்லரெத்தினம்,
இத்தனை வருடம் "வா, வா" என்று
கத்திய அதே வரம்பில்.
ஆனிக்குப் பிறகு பிறந்த கன்று ஒன்றுக்கு
இந்த ஊர்ச் சட்டம் எதுவும் தெரியாது.
தாயின் காலிடையால் புகுந்து உள்ளே இறங்கி
ஒரு தாளைக் கடித்துத் துப்பி
இன்னொன்றைக் கடித்தது.
பிறகு எல்லாம் இறங்கின.

இரவு வாடியில் படுத்திருந்தேன்.
நாற்பது வாய்கள் நெல்லை அரைக்கும் சத்தம்.
அரைத்தூக்கத்தில் கை
டோர்ச்சைத் தேடிப் போனது.
தொண்டை வரை வந்த அதட்டலை
விழுங்கினேன்.

விடியப் பார்த்தால்
செவலை வெளியேதான் நிற்கிறது.
நின்ற இடத்தைச் சுற்றிக்
காய்ந்த புல்லை வேரோடு கரம்பி
மண்ணையும் நக்கியிருக்கிறது.
ஒரு குளம்படிகூட உள்ளே இல்லை.

அரிவாளை எடுத்து
மிஞ்சி நின்றதில் ஒரு பிடி அறுத்தேன்.
இந்தப் போகத்தில் நான் வெட்டியது அவ்வளவுதான்.
வரம்பில் வைத்துவிட்டு
பின்னுக்கு நடந்தேன்.
அது என் கையையே பார்த்தது.
இன்னும் கொஞ்சம்
பின்னுக்கு நடந்தேன்.