கீழே போனால் கடல்

செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி சுமாருக்கு,
வால்பரைசோவின் மரிபோசா குன்றில்
ஒரு மஞ்சள் கதவின் முன்னால் நின்றுபோனாள்
எதெல்மிரா கின்யெனாவ்.
கையில் யாருடையதோ தண்ணீர்க் கட்டண ரசீது.
பத்தொன்பது வருடமாகத் தபால் போடும் கதவு.
கதவு தெரிந்தது.
உள்ளே குரைக்கும் நாயின் பெயர் தெரிந்தது.
அடுத்த வீடு எந்தப் பக்கம் என்பது மட்டும்
எங்கோ போய்விட்டது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்போம்.
இவளைக் கண்ணைத் திறந்துவைத்துச்
சொந்தத் தெருவில் விட்டிருந்தது.

ஸ்கேன் படத்தில்
மூளையின் பின்புறம், நடுக்கோட்டை ஒட்டி,
பயறளவு ரத்தக் கசிவு.
டாக்டர் இபாகாச்சே பேனா முனையால் தொட்டுக் காட்டினார்:
"இடங்களை வைத்திருக்கும் பகுதி பத்திரம்.
அதில் ஒரு செல் உங்கள் அடுப்படிக்கு மட்டும் துடிக்கும்,
இன்னொன்று படிக்கட்டுத் திருப்பத்துக்கு.
நடந்த நிலத்தையெல்லாம் தேன்கூட்டுக் கட்டமாய்
அளந்து வைப்பவையும் பிழைத்துவிட்டன.
முகம் எந்தத் திசையில் என்று சொல்பவைதான்
பேச்சை நிறுத்தியிருக்கின்றன."

முகவரியில் முகம் போய்
வரி மட்டும் மிச்சம்.

ஆஸ்பத்திரித் தரை தண்ணீர் ஊற்றினாலும் ஓடாத சமதளம்.
கழிப்பறை போய் ஆறுமுறை
மீன்காரி லஸ்தேனியாவின் கட்டிலுக்குத் திரும்பினாள்.
ஏழாம் முறை லஸ்தேனியா
ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து படுத்து இடம் விட்டாள்.

மகன் எலியாசர் வரைபடம் காட்டும் போன் வாங்கிவந்தான்.
நீல அம்பு அவளோடு சேர்ந்தே சுற்றியது.
இரண்டில் தொலைந்தது எது என்று
அவளுக்கும் தெரியவில்லை, அம்புக்கும் தெரியவில்லை.

வீடு திரும்பிய மூன்றாம் நாள்
ரொட்டி வாங்கப் போனாள். மூடுபனி.
வீடுகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன,
ஒன்றையொன்று அறியாத விருந்தாளிகளாய்.
அப்போது முன்பாதத்தில் பாரம் இறங்கியது.
முழங்கால் தானாக மடிந்து கொடுத்தது.
இறக்கம், என்றது கால்.

நமக்குக் கிழக்கு என்றால் கீழ், மேற்கு என்றால் மேல்.
நிலம் சரியும் பக்கத்தைத் திசை என்று வைத்துக்கொண்டவர்கள் நாம்.
அவள் நாட்டில் சூரியன் மேட்டிலிருந்து வரும்,
பள்ளத்தில் விழும்.
நம் சொல் அங்கே தலைகீழாக நிற்கும்.
நிற்கட்டும்.
தலை கைவிட்டதைக் கால் எடுத்துக்கொண்டது,
அவ்வளவுதான்.

ரொட்டியை மறந்து இறங்கிக்கொண்டே இருந்தாள்.
படிக்கட்டு, சந்து, மீண்டும் படிக்கட்டு,
டீசல் வாசனை, கடல்.

இறங்க ஒரே கடல்.
ஏறவோ நாற்பத்துச் சொச்சம் குன்றுகள்.

துறைமுகத்தில் தபால் பிரிக்கும் கொட்டகை அவளுக்குத் தெரியும்.
உள்ளே போய்
மரிபோசா என்று எழுதிய கூடைக்குப் பக்கத்தில்
கடிதங்களோடு கடிதமாக உட்கார்ந்தாள்.

புதுத் தபால்காரன் விளாதிமிர் பைக்குப் பின்னால்
அவளையும் ஏற்றினான்.
மஞ்சள் கதவு வந்தது.
"இந்த நாய் கடிக்குமா?"
"பெயர் கின்தோ," என்றாள்.
"பெயர் சொன்னால் கடிக்காது."