பதினொரு மணி, நாற்பதடி

படகின் மூக்குதான் எப்போதும் பன்னிரண்டு.
பின்மேடையில் கழியோடு நிற்பவள் நான்,
ஆகவே நேரம் சொல்வது என் வேலை.
"பதினொரு மணி, நாற்பதடி" என்றால்
காலையா இரவா என்று கேட்கக் கூடாது,
வீச வேண்டும்.

முதல் நாள் ஹால்வர்சன் கேட்டார்.
மின்னசோட்டாவில் பல் மருத்துவர்.
வாய்க்குள் பார்த்தே பழகிய கண்
பெலீஸ் கடலுக்குள் பார்க்கத் திணறியது.
மீனைத் தேடாதீர்கள் என்றேன்,
புல்லின் மேல் நகரும் நிழலைத் தேடுங்கள்,
நிழலும் இல்லையா,
எந்த இடத்தில் தண்ணீர் கூசுகிறது என்று பாருங்கள்.

இந்த மீனுக்குப் பெர்மிட் என்று பெயர் வைத்தவன்
குசும்புக்காரன்.
லாரிக்குக் கிடைக்கிறது, சாராயக் கடைக்குக் கிடைக்கிறது,
எங்களுக்குத்தான் மூன்று நாளாய்
கதவு திறக்கவில்லை.

நண்டு நான் கட்டியது.
டாங்ரிகாவில் என் தங்கை வளர்க்கும் ஆட்டின் மயிர்,
ரப்பர்க் கால்கள்,
ஈயக் கண் இரண்டு,
அவளுடைய நகப்பூச்சில் ஒரு சொட்டு.
விழுந்ததும் புல்லுக்குள் ஒளிய ஓட வேண்டும்,
இல்லையென்றால் அது நண்டில்லை, குப்பை.
சரியாக ஓடினாலும்
மீன் வரும், குனியும்,
அடகு நகையைப் பார்க்கும் வட்டிக்காரன்போல்
ஒரு கண்ணால் எடை போடும்,
போய்விடும்.
மூன்று நாளில் பதினாறு தடவை.
ஹால்வர்சன் எண்ணிக்கொண்டிருந்தார். நானும்.

நான்காம் நாள், இரண்டேகால் இருக்கும்,
இது உண்மையான இரண்டேகால்.
காற்று கிழக்கே.
முந்தின இரவு ஹபனேரோ மிளகாயை
வீரமாகக் கடித்துத் தின்றவர்
அதன் கணக்கைத் தீர்க்க
கண்டல் மரங்களுக்குப் பின்னால் இறங்கிப் போயிருந்தார்.

அப்போதுதான்
தரையைப் பிறாண்டிக்கொண்டு ஒரு திருக்கை வந்தது.
அது கிளப்பிய வெண்சேற்றுப் புகைக்குள்
கறுத்த அரிவாள் ஒன்று எழுந்தது,
மறைந்தது,
எழுந்தது.
வால்.

கேட்காமல் வாடிக்கையாளரின் தூண்டிலைத் தொடுவதில்லை.
பத்தொன்பது வருடம் நேரம் சொல்லியிருக்கிறேன்,
ஒரு தடவையும் நானே மணி அடித்ததில்லை.
"டாக்டர்" என்று கூப்பிட்டேன்,
மெதுவாக,
கேட்கக் கூடாத அளவுக்கு மெதுவாக.

பிறகு தூண்டில் என் கையில் இருந்தது.
தலைக்கு மேல் இரண்டே வீச்சு,
மூன்றாவதில் காற்றின் அடியில் நூலை நுழைத்தேன்.
நண்டு விழுந்த சத்தம்
ஒரு புளியங்கொட்டை விழுந்த அளவு.
ஒரு இழுப்பு.
நிறுத்தினேன்.
அரிவாள் செங்குத்தாய் நின்றது,
நடுங்கியது,
நூல் என் விரலிடம் ஏதோ சொன்னது.
அதற்கப்புறம் பேசியதெல்லாம் ரீல்தான்.

ஒரு கையில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு
முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தார்.
கொடுத்துவிட்டேன்.
"யார் பிடித்தது, எர்லீன்?"
"ஓடுகிறது, கையை எடுங்கள், கைப்பிடியை விடுங்கள்!"
என்று மட்டும் கத்தினேன்.
கேள்விக்கு அது பதில் இல்லை,
ஆனால் அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது அதுதான்.

முப்பத்தைந்து நிமிடம்.
கொக்கியைக் கழற்றியது முழுக்க அவர்தான்.
வலிக்காமல் பிடுங்கத் தெரிந்த கை.

படம் நான் எடுத்தேன்.
சிரிப்பு, திறந்து கிடக்கும் பெல்ட்,
வெள்ளித் தட்டு மாதிரி மீன்,
அதன் வயிற்றின் குறுக்கே
முழங்கை உயர்த்திய ஒரு நிழல்.
கிறிஸ்துமஸுக்கு அச்சடித்து அனுப்பியிருந்தார்,
பின்பக்கம் "நம் பெர்மிட்" என்று எழுதி.
"நம்" மட்டும் வேறு மையில்,
பிறகு சேர்த்தது போல்.

ஆனால் விட்டது நான்.
நீரோட்டத்துக்கு முகம் திருப்பி
வாலின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.
செவுள் ஒரு தடவை, இரண்டு தடவை,
பிறகு என் பிடியை ஒரே உதறலில் உதறி

ஒன்பது மணி. இருபதடி, முப்பது, ஐம்பது.

சொல்லவில்லை.