இணைப்பில் மூவர்

வணக்கம், நான் மொழிபெயர்ப்பாளர்,
எண் நாலு பூச்சியம் ஏழு ஒன்று ஆறு.
இனி இந்த அழைப்பு முடியும்வரை
நான் என்றால் நானல்ல.
விதி அப்படி.
அவர் பேசினால் என் வாயில் அவர் நான்.
அதிகாரி பேசினால் அவளும் நான்.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.
நிமிடத்துக்கு முப்பத்தெட்டு பென்ஸ்.

லெஸ்டரில் என் குசினி. அடுப்பில் பருப்பு.
லூட்டனில், கவுன்சில் கட்டடத்து இரண்டாம் கவுண்டரில்
பிலேந்திரன், வயது ஐம்பத்தெட்டு,
பிறந்த இடம் பேசாலை,
பதினாலு வருடம் கோழி வெட்டும் ஆலை,
இப்போது விமான நிலையத்தில் இரவுத் துடைப்பு.
இருக்கும் அறையை, அறையோடு வீட்டை,
வீட்டுக்காரர் விற்கிறார்.

போன மாதமும் வந்தேன், என்றேன்.
அறுபத்தொரு நாள் இருக்கிறதென்று
திருப்பி அனுப்பினீர்கள், என்றேன்.
ஐம்பத்தாறு நாளுக்குள் வந்தால்தான்
ஆபத்து என்று எழுத முடியும், என்றேன்.
நடுவில் அந்த ஐந்து நாளும்
எந்தக் கணக்கில் இருந்தார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
நானும்தான். எந்த நானும்.

இப்போது முப்பது நாள். இப்போது ஆபத்து உண்டு.
ஆனாலும் இறங்கக் கூடாது.
நோட்டீஸ் முடிந்தாலும் இருங்கள்.
நீதிமன்றக் கடிதம் வந்தாலும் இருங்கள்.
அமலாக்க அலுவலர் கதவைத் தட்டும் நாளில்
பையோடு எங்களிடம் வாருங்கள்.
முன்னமே போனால் நீங்கள்
வேண்டுமென்றே வீடிழந்தவர்.

நூறு தடவையாவது சொல்லியிருப்பேன் இதை.
வேண்டுதல் என்ற மரத்தில்
எப்படி இப்படியொரு கொப்பு முளைத்தது?
யார் வேண்டினார்கள்,
எந்த மாதா கோயிலில், எத்தனை மெழுகுதிரி?

அமலாக்க அலுவலர் எண்டா ஆர் பிள்ளை,
பிஸ்கால்காரரோ?

ஓம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
கூட்டியது. அழைப்பு பதிவாகிறது.

ஜனீன் கெட்டவள் இல்லை.
காலையிலிருந்து இருமிக்கொண்டிருக்கிறாள்,
ஒவ்வொரு இருமலுக்கும் மன்னிப்புக் கேட்கிறாள்.
அதையும் மொழிபெயர்க்கிறேன்.

சீனி வருத்தம், இன்சுலின் போடுறன், என்றேன்.
குளிர்பெட்டி இருக்கோ எண்டு கேட்டுத்தான்
அந்த அறையை எடுத்தனான், என்றேன்.
டாக்டர் கடிதம் இருக்கிறதா, என்றேன்.
கடிதத்துக்கு டாக்டர் காசு கேட்கிறார், என்றேன்.
பிறகு ஜனீன் திரையைப் பார்த்து வாசித்தாள்.
நான் ஒரு சொல்லும் விடவில்லை:
வீடிழக்கும் சாதாரண மனிதர் ஒருவரைவிட
குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக
நீங்கள் நொடிந்துபோவீர்களா?

அந்தச் சாதாரண மனிசன்,
அவர் இப்ப எங்க படுக்கிறார்?

கேட்டேன். தட்டச்சு நின்றது.
அதை எழுத இங்கே பெட்டி இல்லை, என்றேன்.

அறம், பொருள், இன்பம் என்று
வகுப்பில் ஒப்பித்தபோது
நாலாவதாக வீடு என்று வரும்.
அது செத்தபிறகு கிடைப்பது என்றார் வாத்தியார்.
காத்திருப்போர் பட்டியலின் நீளம்
அப்போதே யாருக்கோ தெரிந்திருக்கிறது.

முடிவைத் தபாலில் அனுப்புவோம், என்றேன்.
எந்த விலாசத்துக்கு, என்றேன்.
பதிவில் உள்ள விலாசத்துக்கு, என்றேன்.

கதிரை இழுபடும் சத்தம்.
அப்ப, போட்டு வாறன் பிள்ளை.

எனக்குச் சொன்னதுதான். ஆனாலும் விதி.
போய்விட்டுத் திரும்பி வருகிறேன், என்றேன்.
ஐயோ இல்லை, என்றாள் ஜனீன் இருமலுக்கிடையில்,
திரும்பி வரத் தேவையில்லை என்று சொல்லுங்கள்,
இன்றைக்கு இனி நேரம் ஒன்றும் இல்லை.

ஓம், வாங்கோ என்று சொல்லி அனுப்புவதுதான் முறை.
அதைச் சொல்லக்கூடிய நான்
அந்த இணைப்பில் இருக்கவில்லை.
திரும்பி வரத் தேவையில்லை, என்றேன்.

இருபத்திரண்டு நிமிடம்.
எட்டுப் பவுண்ட் முப்பத்தாறு.
பருப்பு அடிப்பிடித்திருந்தது, மேலால் அள்ளி
உப்புப் பார்த்தேன்.