ஏழு வீதக் கழிவு

கொள்ளுப்பிட்டியிலிருந்து கடிதம் வந்த அன்று
புளூமெண்டால் வீதி முழுக்க மழைத்தண்ணீர்.
தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்.

போதைப்பொருளற்ற பணியிடமென்று நிரூபித்தால்
காப்புறுதிக் கட்டணத்தில் ஏழு வீதம் கழிவு.
விபத்தில்லாத ஆண்டென்றால்
மேலும் மூன்று.

முதலாளி கல்குலேட்டரைத் தட்டினார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இன்னுமொருக்கால் தட்டினார்.

சொல்லத்தான் வேண்டும்,
அது காசாசை மட்டும் இல்லை.
முந்தின வருடம் நாலாம் களஞ்சியத்தில்
ஐஸ் அடித்து மூன்று இரவு தூங்காத ஒருவன்
போர்க்லிஃப்டைப் பின்னுக்கு எடுத்தான்.
பின்னால் ஹேமால் நின்றான்.
அவனுடைய இடது சப்பாத்து
இன்னும் என் மேசைக்குக் கீழே, பெட்டிக்குள்.
அதைத் திருப்பிக் கொடுக்க
எந்த முகத்தோடு போவது?

ஆகவே எனக்கும் சந்தோஷம்தான்.
மூன்று மொழியில் பலகை அடிக்கக் கொடுத்தோம்.
வந்த பலகையில்
தமிழுக்கு மட்டும் ஒரு கால் குறைவு:
"பேதையற்ற பணியிடம்."
வாசிக்கத் தெரிந்த நாலு பேர் சிரித்தோம்.
அப்படியே மாட்டினோம்.

கோப்பைகள் வந்தன, இருபத்துமூன்று.
மூடிகளில் பெயர் எழுதினேன்.
கழிவறை வாசலில் ஒரு தாதி
கதிரை போட்டு உட்கார்ந்தாள்.
பாரம் தூக்கிப் பழகிய ஆண்கள்
கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து
கோயிலுக்குப் பால் கொண்டு போகிறவர்கள் மாதிரி
மெதுவாக நடந்து வந்தார்கள்.

அட்டையில் இரண்டு கோடு விழுந்தால் சுத்தம்.
ஒன்று விழுந்தால் குற்றம்.
(குளியலறையில் நான் ஒளித்துப் பார்த்த அட்டைகளில்
கணக்கு வேறு.
அங்கேயும் எனக்கு
ஒரு கோடுதான்.)

பதினேழாவது, பெனடிக்ற்.
ஒரு கோடு.

கொட்டாஞ்சேனைக்காரர். சாராயம்கூடத் தொடாதவர்.
புதன்கிழமைகளில் அந்தோனியாரிடம் போய்விட்டு
மெழுகு மணக்க வேலைக்கு வருபவர்.
மத்தியானம் கணக்கறைக்குள் வந்து
சட்டைப்பையிலிருந்து எடுத்தார்,
நாலாக மடித்த மருந்துத்துண்டு.
கோடீன் குளிசை. முதுகுநோவுக்கு.
திகதி: மார்ச் பதினொன்று.

மார்ச் பத்தாம் திகதி
சங்கிலி அறுந்து சீமெந்துப் பலகை சரிந்தது
எனக்குத் தெரியும்.
அவரைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றியது தெரியும்.
அன்று பின்னேரம்
விபத்துப் பதிவேட்டில்
முதலாளி சொல்ல, நீலப் பேனாவால்
பூச்சியம் போட்டவள் நான்.
வடிவான பூச்சியம்.
தொடங்கின இடத்திலேயே முடிகிற பூச்சியம்.

"தங்கச்சி,
இதைக் காட்டினா
உங்கட கணக்குக்குப் பிழை வருமா?"

காற்றாடி சுற்றியது.
வெளியே கொள்கலன் ஒன்று தரையில் இறங்கிற சத்தம்.
நான் பதிவேட்டைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
துண்டை அதே மடிப்பில் மடித்து
அதே பைக்குள் வைத்தார்.
போர்க்லிஃப்ட் திறப்பை
என் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்,
சத்தம் வராமல்.

"தானாக விலகினார்" என்றொரு வரி.
அதுவும் என் கையெழுத்து.

கழிவு கிடைத்தது. பத்து வீதமும்.
ஒரு இலட்சத்து எண்பத்துநாலாயிரத்துச் சொச்சம்.
முதலாளி பொய்யர் இல்லை;
புதுச் சங்கிலிகள் வாங்கினார், நல்ல இரும்பு.
எல்லாருக்கும் புரியாணி.
பழக்கதோஷத்தில் நான்
இருபத்துமூன்று சொல்லியிருந்தேன்.

கொள்ளுப்பிட்டி அம்மா பரிசோதிக்க வந்தபோது
பலகையில் பிழை இருக்கிறதாமே என்றாள்.
அடுத்த நாள் பெயின்ற்காரப் பையன் வந்தான்.
தமிழ் தெரியாது. ஏணியில் நின்று கேட்டான்,
"மிஸ், என்ன குறையுது?"

கால், என்றேன்.
ஒரு கால்.

விரலால் காட்டினேன், எந்த இடமென்று.
அவன் தூரிகையைத் தோய்த்தெடுக்க
சிவப்புத் துளி ஒன்று
மேசைக்குக் கீழே இருந்த பெட்டியில் விழுந்தது.
நான் துடைக்கவில்லை.