அரபிப் பக்கத்துத் தொண்ணூறு

அறுபது என்றது ஆங்கிலப் பத்தி.
கட்டட விதித் தொகுப்பு, பக்கம் நூற்றுப் பதினான்கு,
படிக்கட்டுக் கதவுகள் தீ தாங்கும் நேரம்:
அறுபது நிமிடம்.
முத்திரை இருந்தது, கையெழுத்தும் இருந்தது.
ஒப்பந்தக் கம்பெனி நவ்ஷாத்
கரக் சாயாவை என் மேசையில் வைத்துவிட்டு
"ஒரிஜினல் மேடம், நகராட்சியிலிருந்து நேரா வருது" என்றான்.

வரும் தாளுக்கு எண் போடுவது என் வேலை.
படிப்பது என் வேலையில்லை.
கண் கேட்குமா, போயிற்று
வலப்பக்கத்து அரபிக்கு.

எனக்கு அரபி தெரியாது.
எண்கள் தெரியும்.
குதைபியாவில் காய்க்கடைக்காரர்
அட்டையில் கிறுக்கும் விலைகளில் கற்றது.
ஐந்து ஒரு வட்டம்,
சுழியம் வெறும் புள்ளி.
ஆறு, பார்த்தால் ஏழு;
அதை நம்பி ஒருநாள்
வெண்டைக்காய்க்குச் சண்டையே போட்டிருக்கிறேன்.
ஒன்பது மட்டும் எங்கும் ஒன்பது.

அங்கே நின்றது
ஒன்பதும் ஒரு புள்ளியும்.

திருத்தியவனும் என்னைப்போல்
எங்கிருந்தோ வந்து இறங்கியவன்தான்.
ஒன்பதை வெட்டித் தலைகீழாய் ஒட்டி,
நகலெடுத்து, நகலுக்கு நகலெடுத்து,
பசைக்கோட்டின் நிழலைக்கூட அழித்திருக்கிறான்.
தனக்குப் படிக்க வராத பக்கத்தை
யாருமே படிக்காத பக்கம் என்று நினைத்துவிட்டான்.

நகராட்சியில் மூன்றாவது கவுன்ட்டர்.
ஹெஸ்ஸா என்ற அதிகாரி
தாளைத் திருப்பி
முத்திரையின் முதுகை விரலால் தடவினார்.
மேடு இல்லை.
அலமாரிப் பிரதியைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.
"இது எங்களுடையது இல்லை.
எத்தனை கதவு மாட்டியாயிற்று?"

அதற்குப் பதிவேடு இருந்தது, என்னிடமே.
இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒவ்வொரு ரசீதிலும் என் எண்,
என் சுருக்கொப்பம்.
முப்பது நிமிடம் குறைந்தால் என்ன என்று
அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
ஏழு மாடி. மாடிக்கு நாற்பது கட்டில்.
வழியெல்லாம் டாக்ஸியில் பெருக்கிக்கொண்டே வந்தேன்.

ராத்திரி, என் குடியிருப்பு, நாலாம் மாடிப் படிக்கட்டு.
கதவின் விளிம்பில், கீல்களுக்கு நடுவே
சின்னத் தகடு ஒன்று.
மேலே மூன்று பூச்சுச் சாம்பல் பெயின்ட்.
அறைச்சாவியால் சுரண்டினேன்.
பக்கத்து அறை ரொவீனா எட்டிப் பார்த்து
"என்ன தொலைத்தாய்?" என்றாள்.
செதில் செதிலாய் விழுந்தது.
பாதி வளைவு ஒன்று,
அதை ஒட்டி ஒரு சுழியம்.

தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.
இன்னும் சுரண்டிப் பார்த்தேன்.

இந்தத் தகட்டில்
அரபிப் பக்கம் இல்லை.